டெலிகாம், ஐடி ஃபீல்டுல அப்ரண்டிஸா சேந்தா எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு டெலிகாம் கம்பெனியில 2 வருஷம் அப்ரண்டிஸா இருந்தேன். முதல் வருஷம் முழுக்க ஃபீல்டு, அதாவது ஃபைபர் (வெளிச்சமா டேட்டா போற கண்ணாடி இழை) இழுக்கறது, ஸ்ப்ளைசிங் (ரெண்டு ஃபைபர் முனைய உருக்கி ஒட்டறது), வீட்டுக்கு கனெக்‌ஷன் குடுக்கறது, கம்ப்ளைன்ட் பாக்கறது. ரெண்டாவது வருஷம் உள்ள நெட்வொர்க் ரூம், அப்புறம் கொஞ்ச நாள் ஹெல்ப் டெஸ்க். இதுல சேரலாமான்னு யோசிக்கறவங்களும், சேந்துட்டு முதல் மாசமே பயந்து போனவங்களும் என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கறத எல்லாம் எடுத்து எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு பதில் எழுதிருக்கேன்.

டிகிரி இல்லாம சேர முடியுமா?

முடியும். அப்ரண்டிஸ்ஷிப்போட அர்த்தமே வேலைய செஞ்சுகிட்டே கத்துக்கறதுதான். ஆனா கூட்டல் கழித்தல் தடுமாறாம வரணும், நிறம் சரியா தெரியணும். நிறக்குருடு இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, ஏன்னா ஃபைபரும் சரி காப்பர் வயரும் சரி எல்லாமே கலர வச்சுதான் அடையாளம். அவங்களுக்கு உள்ள கான்ஃபிகரேஷன் பக்கம் நல்ல வேலைகள் நிறைய இருக்கு, ஸ்ப்ளைசிங்ல மட்டும் ரொம்ப சிரமப்படுவாங்க.

முதல் நாள்லேந்து என்ன வேலை குடுப்பாங்க?

லேபிள் ஒட்டற வேலை. ஏணி பிடிக்கறது, கேபிள் டிரம் உருட்டறது, டூல் எடுத்துக் குடுக்கறது. முதல் ரெண்டு மூணு வாரம் இப்படித்தான் போகும், நிறைய பேர் இதுலயே மனசு விட்டுடறாங்க. எனக்கும் அப்ப கோவம்தான் வந்துச்சு, படிச்சுட்டு வந்து ஸ்டிக்கர் ஒட்டணுமான்னு. ஆறு மாசம் கழிச்சு, எவனோ லேபிள் ஒட்டாம விட்டுப்போன ஒரு ரேக் முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னு, 48 ஒயர்ல எது எங்க போகுதுன்னு ஒவ்வொண்ணா டோனர் (ஒயர்ல ஒரு சத்தத்த அனுப்பி மறுமுனைய கண்டுபிடிக்கற கருவி) வச்சு தேடினப்பதான் அந்த ஸ்டிக்கரோட மதிப்பு தெரிஞ்சுது. ஒயரோட ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் இருக்கணும், ஒரு முனையில மட்டும் ஒட்டறதும் ஒட்டாம விடறதும் ஒண்ணுதான்.

கிரிம்பிங் எவ்வளவு நாள்ல வரும்?

கிரிம்பிங்னா நெட்வொர்க் கேபிள் முனையில பிளக்க அழுத்தி மாட்டறது. ஒரு நாள்ல வரும். நல்லா வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும். எட்டு வயரையும் பிளக்ல வைக்கற, பரவலா இருக்கற டி568பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். எல்லாரும் இத மனப்பாடம் பண்றாங்க, ஏன் பச்சை ஜோடிய மட்டும் பிரிச்சு 3லயும் 6லயும் போடறோம்னு கேக்கறது கிடையாது. சிக்னல் போறது ஜோடி ஜோடியா, 3ம் 6ம் ஒரு ஜோடி, ஒரு ஜோடியில ரெண்டு வயரும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கி இருக்கறதாலதான் வெளி இரைச்சல் அடங்குது. கலர் மாறினாலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியும், ஆனா ஜோடி பிரிஞ்சு போயிருந்தா ஸ்பீடு ஏறாது, அப்பப்ப அறுந்து அறுந்து வரும். அதே மாதிரி முறுக்க ரொம்ப அவுக்கக் கூடாது, 13 மில்லிமீட்டர்தான் எல்லை. காப்பர்ல மொத்த தூரம் 100 மீட்டர், அதுல சுவருக்குள்ள போற நிரந்தர கேபிள் 90, ரெண்டு பக்கமும் சொருகற சின்ன ஒயருக்கும் (பேட்ச் கார்டு) சேத்து 10. 130 மீட்டர் இழுத்து வேலையும் செஞ்சுதேன்னு சில பேர் சொல்வாங்க. செஞ்சிருக்கலாம், ஆனா நாளைக்கு கம்ப்ளைன்ட் வந்தா போய் நிக்கப் போறது நீங்கதான்.

ஃபைபர் ஸ்ப்ளைசிங் கஷ்டமா?

மெஷின் செய்யற பகுதி சுலபம். அதுக்கு முன்னாடி கை செய்யற பகுதிதான் தொழில்.

எப்படின்னு சொல்றேன். சிங்கிள் மோட் ஃபைபர்ல வெளிச்சம் போற கோர் 9 மைக்ரான் அளவுதான், அத சுத்தி இருக்கற கண்ணாடியோட சேத்து 125 மைக்ரான், அதுக்கு மேல கலர் கோட்டிங்கோட 250. ஒரு தலைமுடி மாதிரி. அந்த 9 மைக்ரானையும் எதிர்ப்பக்க 9 மைக்ரானையும் நேருக்கு நேர் வச்சு உருக்கி ஒட்டணும். முதல்ல ஹீட் ஸ்லீவ (ஒட்டின இடத்த பாதுகாக்கற குட்டிக் குழாய்) ஒரு பக்க ஃபைபர்ல கோத்துடணும், அப்புறம் ஸ்ட்ரிப்பரால கோட்டிங்க உரிக்கணும், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சில்லாத துணியால துடைக்கணும். சுத்தமா இருந்தா துடைக்கும்போது கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தம் வர்ற வரைக்கும் துடைக்கணும்னுதான் எனக்கு சொல்லிக்குடுத்தாங்க. அடுத்து கிளீவர்ல வச்சு வெட்டணும். இங்கதான் எல்லாம் இருக்கு. வெட்டு முகம் கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கணும், கோணம் ஒரு டிகிரி தாண்டினா நான் திரும்ப வெட்டிடுவேன். வெட்டினதுக்கு அப்புறம் அந்த முனைய எதுலயும் இடிக்காம, துடைக்காம, நேரா மெஷின்ல இருக்கற வி பள்ளத்துல வைக்கணும். மூடிய மூடினா திரையில ரெண்டு முனையும் பெருசா தெரியும், மெல்ல கிட்ட வரும், ஒரு சின்ன மின்பொறி, முடிஞ்சுது. இழப்பு 0.02 டிபி, 0.03 டிபின்னு காட்டினா மனசுக்கு அவ்வளவு நிம்மதியா இருக்கும்.

என்னோட முதல் ஸ்ப்ளைஸ் 0.01 காட்டுச்சு, சந்தோஷத்துல அண்ணன கூப்பிட்டு காட்டினேன் (எனக்கு சொல்லிக்குடுத்த சீனியர நாங்க எல்லாரும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம்). அவர் திரைய பாக்கல, ஃபைபர பாத்தாரு. "ஸ்லீவ் எங்க தம்பி?" ஸ்லீவ் டேபிள் மேல இருந்துச்சு. ஒட்டினதுக்கு அப்புறம் அத கோக்க வழியே இல்ல, வெட்டிட்டு முதல்லேந்து செய்யணும். அவர் திட்டல, வெட்டிட்டு மறுபடி செய்னு சொன்னாரு, பக்கத்துலயே உக்காந்து பாத்துகிட்டு இருந்தாரு. இந்தத் தப்ப பண்ணாத ஸ்ப்ளைசர நான் இதுவரைக்கும் பாக்கல.

12 கலர் வரிசை ஞாபகம் இருக்க மாட்டேங்குது, என்ன பண்றது?

நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா. தினமும் வேலைக்கு போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ வாய்விட்டு சொல்லுங்க, ரெண்டு வாரத்துல தூக்கத்துல கேட்டாலும் வரும். எல்லா நாட்டுலயும் இதே வரிசைன்னு நினைச்சுடாதீங்க, வேற வரிசையும் புழக்கத்துல இருக்கு, கேபிள் உறையில அச்சடிச்சிருக்கறத படிச்சுட்டு ஆரம்பிங்க.

டிபி, டிபிஎம் ரெண்டும் குழப்புது. நிஜமாவே தெரிஞ்சுக்கணுமா?

இது தெரியாம ஃபைபர் பக்கம் வரவே வேண்டாம், அவ்வளவு முக்கியம். டிபின்னா இழப்பு, டிபிஎம்னா ஒரு இடத்துல இருக்கற வெளிச்சத்தோட அளவு, 1 மில்லிவாட்ட 0ன்னு வச்சு கணக்கு. 3 டிபி குறைஞ்சா பாதி ஆயிடுச்சு, 10 டிபி குறைஞ்சா பத்துல ஒரு பங்கு. இந்த ரெண்டு மட்டும் கையில இருந்தா பாதி கணக்கு மனசுலயே போட்டுடலாம்.

நான் பாத்த ஒரு கம்ப்ளைன்ட்ட வச்சு சொல்றேன். ஒரு வீட்டுல ஜீபான் (ஒரே ஃபைபர பல வீட்டுக்கு பிரிச்சு குடுக்கற முறை) கனெக்‌ஷன், பாக்ஸ்ல லைட் பச்சையா எரியுது, ஆனா நெட் அப்பப்ப போகுது வருது. ஏற்கனவே ரெண்டு பேர் போய் பாக்ஸ மாத்திட்டு வந்துட்டாங்க. நான் போய் பாக்ஸ மாத்தணும்னு போன் பண்ணேன். அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "அளந்து பாத்தியா?" பாக்கல. பவர் மீட்டர 1490 நானோமீட்டர்ல (வீட்டுக்கு வர்ற வெளிச்சத்தோட அலைநீளம்) வச்சு அளந்தா மைனஸ் 26 டிபிஎம்.

இப்ப கணக்கு போடுங்க. எக்ஸ்சேஞ்ச்ல கிளம்பறப்ப பிளஸ் 3. நடுவுல 1க்கு 32 ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு ஃபைபர் வெளிச்சத்த 32ஆ பிரிக்கறது, அது சுமார் 17 டிபி சாப்பிடும். தூரம் 4 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.3ன்னு வச்சா 1.2. கனெக்டர், ஸ்ப்ளைஸ் எல்லாம் சேத்து ஒரு 1.5. அப்படின்னா வீட்டுல மைனஸ் 17 பக்கம் வரணும். வந்தது மைனஸ் 26. 9 டிபி காணோம், அதாவது வரவேண்டிய வெளிச்சத்துல எட்டுல ஒரு பங்குதான் வருது. அந்த வகை பாக்ஸ் மைனஸ் 27 வரைக்கும் தாங்கும், அதனாலதான் லைட் பச்சையா இருக்கு, ஆனா கொஞ்சம் ஆட்டம் கண்டாலே விழுந்துடுது. எத்தன பாக்ஸ் மாத்தினாலும் இது தீராது.

பின்னாடியே அளந்துகிட்டு போனேன். வீட்டுக்கு வெளிய இருக்கற பெட்டியில மைனஸ் 17.2, அப்ப பிரச்சனை வீட்டுக்குள்ளதான். சுவர் ஓரமா கையால தடவிகிட்டே போனா, அலமாரிக்கு பின்னாடி ஃபைபர் நல்லா மடங்கி நசுங்கி கெடந்துச்சு, யாரோ அலமாரிய சுவரோட தள்ளி வச்சிருக்காங்க. நிமித்தி விட்டேன், மைனஸ் 17.6. பாக்ஸ்ல கை வைக்கவே இல்ல.

இன்னொண்ணு, வளைவுல வர்ற இழப்பு நீள அலைநீளத்துல அதிகமா தெரியும். ஓடிடிஆர்ல (ஃபைபர்ல எந்த தூரத்துல எவ்வளவு இழப்புன்னு காட்டற மீட்டர்) 1310லயும் 1550லயும் ரெண்டு தடவ பாருங்க, 1550ல மட்டும் ஒரே இடத்துல பெரிய இறக்கம் இருந்தா அங்க ஃபைபர் வளைஞ்சிருக்கு, ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தா ஸ்ப்ளைஸ் இல்லன்னா கனெக்டர்.

பச்சை கனெக்டர், நீல கனெக்டர் ரெண்டும் சேருமா?

சேராது. பச்சை முனை 8 டிகிரி சாய்வா தீட்டினது, நீலம் நேரா இருக்கும். அடாப்டர்ல நுழையும், கிளிக்னு சத்தம் கூட கேக்கும், ஆனா நடுவுல இடைவெளி இருக்கும், முனையும் கெட்டுப்போகும். எதையும் சொருகறதுக்கு முன்னாடி துடைச்சுடுங்க, புதுசா கவர்லேந்து எடுத்ததா இருந்தாலும்.

வேலையில ஆபத்து இருக்கா?

இருக்கு. ஃபைபர்ல போற வெளிச்சம் கண்ணுக்கு தெரியாது, அதனால எரியுதான்னு முனைய கண்ணுக்கு நேரா வச்சு பாக்கற பழக்கம் வேண்டவே வேண்டாம், மீட்டர் எதுக்கு இருக்கு. வெட்டின ஃபைபர் துணுக்கு தோல்ல ஏறினா கண்ணுக்கு தெரியாது, குத்திகிட்டே இருக்கும், அத ஒரு மூடி போட்ட டப்பாவுல போடணும், ஸ்ப்ளைசிங் டேபிள்ல சாப்பிடக் கூடாது. டெலிகாம் ரூம்ல மைனஸ் 48 வோல்ட் டிசி ஓடும், வோல்ட் கம்மின்னு நினைக்காதீங்க, பின்னாடி இருக்கற பேட்டரிகள் நூத்துக்கணக்கான ஆம்பியர் குடுக்கும், ஒரு ஸ்பானர் குறுக்க விழுந்தா உருகிடும், மோதிரம் வாட்ச் எல்லாம் கழட்டிட்டு போங்க. ஏணி, கம்பம், உயரம், இதுல பயிற்சி குடுக்காம ஏறச் சொன்னா ஏற மாட்டேன்னு சொல்ற உரிமை அப்ரண்டிஸுக்கும் இருக்கு. அதுக்காக கோவப்படற மேனேஜர்கிட்ட, ஏறச் சொல்றத எழுத்துல குடுங்கன்னு கேளுங்க.

பெரிய தப்பு பண்ணிட்டா வேலை போயிடுமா?

எனக்கு போகல. நடந்தத அப்படியே சொல்றேன்.

ரெண்டாவது வருஷம், நெட்வொர்க் ரூம். ரேக்ல தொங்கிகிட்டு இருந்த ஒரு பேட்ச் கார்ட பாத்தேன், யாரோ கழட்டி விட்டுட்டாங்கன்னு நினைச்சு காலியா இருந்த போர்ட்ல சொருகிட்டேன். அதோட இன்னொரு முனையும் அதே நெட்வொர்க் ஸ்விட்ச்லதான் (பல கம்ப்யூட்டர ஒயரால இணைக்கற பெட்டி) இருந்துச்சு. சில வினாடியில எல்லா போர்ட் லைட்டும் ஒரே மாதிரி வெறி பிடிச்ச மாதிரி மினுக்க ஆரம்பிச்சுது, அடுத்த நிமிஷம் போன் அடிக்க ஆரம்பிச்சுது, ஒரு மாடி முழுக்க நெட் இல்ல.

என்ன நடந்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ரவுட்டர் வழியா போற டேட்டா துண்டு, அதாவது ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் இருக்கு, ஒவ்வொரு ரவுட்டர் தாண்டறப்பவும் ஒரு எண் குறைஞ்சு கடைசியில செத்துடும். ஸ்விட்ச் வழியா போற டேட்டா துண்டு, அதாவது ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் கிடையாது. எல்லாருக்கும்னு அனுப்பற ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் வட்டத்துல மாட்டினா சுத்திகிட்டே இருக்கும், பெருகிகிட்டே இருக்கும். இத தடுக்கத்தான் 1985ல ராடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீ கண்டுபிடிச்சாங்க, வட்டம் இருந்தா ஒரு போர்ட்ட அதுவே அடைச்சுடும். அந்த பழைய ஸ்விட்ச்ல அத ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க.

எனக்கு கை நடுங்குது. ரூம்ல வேற யாரும் இல்ல, கழட்டி விட்டுட்டு பேசாம இருந்திருக்கலாம். கழட்டினேன், அண்ணனுக்கு போன் பண்ணி, "அண்ணா, இந்த கார்ட நான்தான் சொருகினேன், 24வது போர்ட், இப்ப எடுத்துட்டேன்"னு சொன்னேன். அவர் சொன்னது, "சரி, நேரத்த எழுதி வை, நான் வர்றேன்." மொத்தம் 20 நிமிஷத்துல எல்லாம் திரும்பிடுச்சு. நான் சொல்லாம இருந்திருந்தா ராத்திரி முழுக்க நாலு பேர் காரணம் தேடியிருப்பாங்க. அடுத்த வாரம் எல்லா ஸ்விட்ச்லயும் ஸ்பேனிங் ட்ரீ ஆன் பண்ற வேலைய என்கிட்டயே குடுத்தாங்க.

தப்ப மறைச்ச அப்ரண்டிஸ் ஒருத்தர அனுப்பினத நான் பாத்திருக்கேன். தப்பு பண்ணதுக்காக அனுப்பினத பாத்ததில்ல.

ஹெல்ப் டெஸ்க் போரடிக்குமா?

போன்ல பேசறவங்களுக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு கண்டுபிடிக்கறது தனி திறமை, எனக்கு அது வர நாள் ஆச்சு. "நெட் வரல"ன்னு சொன்னா அதுக்கு பத்து அர்த்தம் இருக்கு. நான் போற வரிசை: லைட் எரியுதா, ஒயர் சொருகி இருக்கா, ஐபி (கம்ப்யூட்டரோட நெட்வொர்க் அட்ரஸ்) என்ன வந்திருக்கு. 169.254ன்னு ஆரம்பிச்சா அட்ரஸ் பங்கிட்டு குடுக்கற டிஎச்சிபிகிட்டேந்து அட்ரஸ் கிடைக்கல, கம்ப்யூட்டர் தானா ஒண்ணு வச்சுகிட்டிருக்கு. அட்ரஸ் சரின்னா கேட்வேய (வெளிய போற வழியா இருக்கற ரவுட்டர்) பிங் பண்ணுங்க, அதாவது பதில் வருதான்னு ஒரு சின்ன செய்தி அனுப்பிப் பாருங்க, அப்புறம் கூகுளோட 8.8.8.8, அப்புறம் ஒரு வெப்சைட் பேர். நம்பருக்கு பதில் வருது பேருக்கு வரலன்னா பேர நம்பரா மாத்திக் குடுக்கற டிஎன்எஸ் பக்கம் பாருங்க. பிங்குக்கு பதிலே வரலன்னா உடனே லைன் செத்துடுச்சுன்னு எழுதிடாதீங்க, பிங்க தடுத்து வச்சிருக்கற இடங்களும் இருக்கு.

டிக்கெட்ல "சரி பண்ணியாச்சு"ன்னு மட்டும் எழுதி மூடறவங்க மேல எனக்கு நிஜமாவே வருத்தம் உண்டு. என்ன பாத்தீங்க, என்ன அளவு வந்துச்சு, என்ன மாத்தினீங்க, மாத்தினப்புறம் என்ன அளவு, நாலு வரி போதும். அடுத்த தடவ அதே வீட்டுக்கு போறவர் உங்களுக்கு நன்றி சொல்வாரு.

சீனியர் எதுவுமே சொல்லித்தர மாட்டேங்கறார், என்ன செய்யலாம்?

நிறைய பேருக்கு இருக்கற வேதனை இது. சில பேருக்கு சொல்லித்தர விருப்பமில்ல, சில பேருக்கு விருப்பம் இருக்கு ஆனா வார்த்தையில சொல்ல வராது, கை மட்டும்தான் பேசும். ரெண்டாவது வகை ஆளுங்ககிட்ட "இது எப்படி அண்ணா?"ன்னு கேக்காதீங்க, "அண்ணா, இத நான் செய்யறேன், தப்புன்னா நிறுத்துங்க"ன்னு சொல்லிப் பாருங்க, உடனே வாய் திறப்பாங்க. முதல் வகை ஆளா இருந்தா பயிற்சிய கவனிக்கற பொறுப்பாளர்கிட்ட வேற சீனியர குடுங்கன்னு கேளுங்க, அதுல தப்பே இல்ல. நீங்க அங்க இருக்கறது கத்துக்க, சம்பளம் கம்மியான வேலையாளா இருக்க இல்ல.

பொண்ணுங்க ஃபீல்டு வேலைக்கு வரலாமா?

தாராளமா. எங்க பேட்ச்ல ரெண்டு பேர் இருந்தாங்க, கிளீவர்ல அவங்களுக்கு இருந்த பொறுமை எங்க யாருக்கும் இல்ல. சேர்றதுக்கு முன்னாடி டாய்லெட் வசதி, ராத்திரி கால் வந்தா கூட யார் வருவாங்க, உங்க அளவுல பாதுகாப்பு பெல்ட் இருக்கா, இந்த மூணையும் கேட்டுடுங்க. கேக்கறதுக்கு தயங்க வேண்டாம்.

எந்த சர்டிஃபிகேட் படிக்கலாம்?

நெட்வொர்க் பக்கம்னா காம்ப்டியா கம்பெனியோட நெட்வொர்க் பிளஸ் இல்லன்னா சிஸ்கோவோட சிசிஎன்ஏ. ஆனா கைல ஒரு வருஷ வேலை இருந்து படிக்கறப்ப அந்தப் புத்தகம் வேற மாதிரி புரியும், அவசரப்படாதீங்க. அதுவரைக்கும் வீட்டுல கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் கட்டிப் பாக்கற பேக்கெட் ட்ரேசர் போட்டு பழகுங்க, போற வர்ற டேட்டாவ காட்டற வயர்ஷார்க்க ஓட விட்டு உங்க சொந்த கம்ப்யூட்டர்ல என்ன போகுது வருதுன்னு பாருங்க. ஆபீஸ் நெட்வொர்க்ல அனுமதி இல்லாம ஓட விடாதீங்க.

சொந்தமா டூல் வாங்கணுமா?

ஸ்ப்ளைசர், ஓடிடிஆர், பவர் மீட்டர் எல்லாம் கம்பெனி குடுக்கணும், அத உங்கள வாங்கச் சொல்ற இடத்துல சேராதீங்க. நான் சொந்தமா வாங்கினது நல்ல கட்டிங் பிளேயர், தலையில மாட்டற லைட், அழியாத மார்க்கர், அப்புறம் சட்டைப் பையில அடங்கற ஒரு நோட்டு. போற ஒவ்வொரு இடத்துலயும் போய் சேந்தப்ப இருந்த அளவையும் கிளம்பறப்ப இருந்த அளவையும் அதுல எழுதுவேன். பேனா வேண்டாம், பென்சில் வச்சுக்கங்க, மழையில நனைஞ்சா பேனா மை கலைஞ்சுடும்.